பிடிச்சாச்சா?

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்கும் ஆசை எனக்கில்லை. நடந்தது நடந்தபடி இருக்கிறது. அதுவும் நட்ட நடுப் பகலில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல்.

நான் பார்சல் டெலிவரி செய்பவள். என் பைக்தான் என் பிழைப்பு. பின் சக்கர பேரிங் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. தெருமுனை மெக்கானிக்கிடம், வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்ட் வாங்கி நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அவன் சிரித்தான்.

"ஸ்டாண்ட் வாங்கிட்டா மெக்கானிக் ஆயிடுவீங்களாக்கா?"

அந்தச் சிரிப்புக்காகவே வாங்குவது என்று முடிவு செய்தேன். ஆனால் எதை வாங்குவது? கத்தரிக்கோல் மாதிரி விரியும் லிஃப்டை இன்ஜினுக்கு அடியில் வைக்க வேண்டும். என் வண்டியில் சைலன்சர் குழாய் அங்கேதான் ஓடுகிறது, நசுங்கிவிடும். மேஜை மாதிரி வண்டியை அப்படியே உயர்த்தும் லிஃப்ட் வந்தால் என் சின்ன ஷெட்டுக்கு வெளியே நான் நிற்க வேண்டியதுதான். மிச்சம் ஒன்றுதான். பின்னாலிருந்து நெம்பித் தூக்கும் பேடாக் ஸ்டாண்ட். ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் ஹேண்டிலையும் பிரேக்கையும் பிடிக்க, இன்னொருவர் பின்னால் தூக்க வேண்டும்.

பழைய சாமான் கடையில் கிடைத்தது. கடைக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருந்தது. கனமான இரும்பு. இடது காலில் மறுபடி வெல்டிங் வைத்த தழும்பு.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அது விக்கறதுக்கு இல்லம்மா."

வேண்டாம் என்றால்தான் எனக்கு வேண்டும். அரை மணி நேரம் நகராமல் நின்றேன். கடைசியில் கொடுத்தார்.

"தனியா மட்டும் தூக்காதீங்க. பிடிக்க ஆள் இல்லன்னா சொல்லுங்க. நானே வந்து பிடிக்கிறேன்."

"என் வண்டிய நான் பாத்துக்குவேண்ணே."

"இல்லம்மா... நான் வர்றேன்."

என்ன மனிதரோ என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு என் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட். "சாயங்காலம் வந்து பிடிக்கிறேன், அதுவரைக்கும் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். தொடாதே என்று சொன்ன பிறகு எப்படித் தொடாமல் இருப்பது? மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் பார்சல். வண்டி ஓடாவிட்டால் அந்த ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மணி 3:10. ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஸ்டாண்டைப் பின்னால் பொருத்தினேன். நானும் அவரும் வண்டி தூக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. தூக்குபவர் "பிடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் தூக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஆளே இல்லாத ஷெட்டில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"பிடிச்சாச்சா?"

முன்பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பிடிச்சாச்சு."

வீட்டுக்காரர்தான் சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்து அழுத்தினேன். வண்டி பூப்போல மேலே வந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

யாரும் இல்லை.

ஹேண்டில் நேராக நின்றது. முன் பிரேக் லீவர், கைப்பிடியோடு ஒட்டி அழுந்தியிருந்தது. நான்கு விரல் பற்றியிருப்பது போல.

பயந்துவிட்டேன், மறைக்கவில்லை. ஆனால் பயத்தோடு கோபமும் வந்தது. என் ஷெட், என் வண்டி.

"யாரா இருந்தாலும் சரி, பிடிச்சதப் பிடிச்சுக்கிட்டே இருங்க. எனக்கு வேலை இருக்கு."

லீவர் அப்படியே இருந்தது.

3:25. அச்சு நட்டைக் கழற்றினேன்.

3:40. சக்கரம் வெளியே வந்தது. பழைய பேரிங்கைத் தட்டி எடுத்தேன். சுத்தியல் சத்தம் நின்ற இடைவெளியில் ஒரு மூச்சு கேட்டது. மெதுவாக... பாரம் தாங்குகிறவனின் மூச்சு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. புது பேரிங்கை அடித்து இறக்கினேன்.

4:05. சக்கரத்தை மாட்ட, வண்டியின் இடது பக்கம் தரையில் படுத்தேன்.

டக்.

ஸ்டாண்டின் இடது கால். அந்த வெல்டிங் விட்டுவிட்டது.

வண்டி என் பக்கம் சாய்ந்தது... இரண்டு விரற்கடை.

நின்றது.

அந்தரத்தில்.

மேலே ஹேண்டில் நடுங்கியது. மூச்சு வேகமானது.

ஓடியிருக்கலாம். ஓடினால் வண்டி போச்சு, வேலை போச்சு, மெக்கானிக்கின் சிரிப்பு வாழ்நாள் முழுக்கத் தெருமுனையில் நிற்கும்.

"விட்டுடாதீங்க" என்றேன்.

செருமல்.

"விட மாட்டேன்."

சக்கரம் ஏறியது.

அச்சு ஏறியது.

நட்டு இறுகியது.

சைடு ஸ்டாண்டைத் தட்டினேன். உடைந்த ஸ்டாண்டை இழுத்தேன். டயர் தரையைத் தொட்டது.

"எறக்கியாச்சு. இனி விடலாம்."

டிக்.

பிரேக் லீவர் முன்னால் வந்தது.

உடனே வண்டியைப் படம் எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்பினேன். "முடிஞ்சது." நேரம் 4:26.

மறுநாள் டெலிவரி முடிந்ததும் பழைய சாமான் கடைக்குப் போனேன். அந்த வெல்டிங்குக்காகச் சண்டை போடத்தான் போனேன். கடை பூட்டியிருந்தது. பின்னால் அவர் வீட்டில் அவருடைய மனைவி மட்டும் இருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"அவர் நேத்தே போயிட்டாரும்மா. காலைல பதினொரு மணிக்கு. நெஞ்சு வலி."

ஸ்டாண்டைப் பற்றிச் சொன்னேன்.

"அதையா வாங்கிட்டுப் போன? அவரும் அவர் தம்பியும் ஒர்க்ஷாப் வெச்சிருந்தாங்க. ஒருநாள் தம்பி வண்டியத் தூக்கினான். பிடிச்சாச்சான்னு கேட்டிருக்கான். இவர் போன்ல பேசிக்கிட்டே பிடிச்சாச்சுன்னுட்டார். பிடிக்கல. ஸ்டாண்டு கால் ஒடஞ்சு, வண்டி தம்பி மேல..."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து முழுக்க ஒரே கொடுமை. மதியத்துக்கு மேல அவரோட வலது கை மடங்கிக்கிச்சு. எதையோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி. நாலு பேரு சேந்து பிரிச்சும் வரல. அப்புறம் திடீர்னு தானாவே விட்டுடுச்சு."

என் வாய் கேட்டுவிட்டது.

"எத்தனை மணிக்கு?"

"நாலு இருபத்தஞ்சு இருக்கும். ஏம்மா கேக்கற?"