ஹிப் பம்ப்புக்கு நான் விழவில்லை

1. ஒரே நாளில் சேர்ந்தோம்

பெங்களூரில் அந்த ஜிம்மில் நான் டிரெய்னராக வேலைக்குச் சேர்ந்த அதே காலையில்தான் புவனாவும் சேர்ந்தாள். இருவரும் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல்காரிகள் என்று தெரிந்ததும் எங்கள் ஓனர் நவீன் மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "ஒள்ளேதாய்து, நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் சேர்ந்தே ரயில்ல வந்துடுவீங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் இல்லை. ஒரே ஊர், ஒரே வயது, ஒரே வேலை என்றால் பார்க்கிறவர்கள் யார் ஒசத்தி என்று எடை போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

லேடீஸ் பேட்ச்சுக்கு ஜியு-ஜிட்சு என்கிற தரையில் புரளும் மல்யுத்தம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், டிரெய்னர்களும் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் மாஸ்டர். நான் கல்லூரியில் கபடி ஆடியவள். உடம்பில் தெம்பு இருந்தது. எவளாக இருந்தாலும் மேலே உட்கார்ந்து அமுக்கிவிடுவேன். புவனாவோ கொத்தவரங்காய் மாதிரி இருப்பாள். இவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

மாஸ்டர் முதலில் சொல்லிக்கொடுத்தது கார்டு. மல்லாந்து படுத்து, மேலே இருப்பவரின் இடுப்பை இரண்டு காலாலும் பின்னிப் பிடித்துக்கொள்வது. எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. "இன்னா மாஸ்டர், கீழ படுத்துகினா தோத்த மாதிரிதானே?" என்று கேட்டேன். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் புரட்டிவிட்டால் அது ஸ்வீப், புரட்ட வராவிட்டால் கையோ கழுத்தோ சிக்கும், அது அட்டாக், இரண்டும் ஜோடி என்று அவர் விளக்கினார். எனக்குப் பாதி காதில் விழவில்லை. புவனா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதம் இரண்டு போவதற்குள் அந்தக் கொத்தவரங்காய் என்னைவிடக் கனமான பெண்களை எல்லாம் கார்டிலிருந்து புரட்டிப் போட்டாள். மாஸ்டர் மற்றவர்களைக் கூப்பிட்டு, "புவனா இடுப்பைப் பாருங்க, இடுப்பை" என்பார். நான் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். போதாக்குறைக்கு, ஒருநாள் மத்தியானம் என்னைக் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் ஜேம்ஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "அந்தம்மா சூப்பரா பண்றாங்க இல்ல?" என்றார். அன்று ராத்திரி அவருக்கு ரசம் மட்டும்தான்.

2. ரயில்

புவனா வீடு கே.ஜி.எஃப்.பில் மைசூர் மைன்ஸ் பக்கம். மாரிக்குப்பத்தில், ரயில் புறப்படுகிற இடத்திலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். நான் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவதற்குள் வண்டி நிரம்பிவிடும். அவள் பக்கத்தில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள்.

"ரோஸி, இங்க எடம் கீது, வா."

"வேணாம். நின்னுகினே வரேன், காலுக்கு நல்லது."

அவள் பிடித்துக்கொடுத்த சீட்டில் உட்காருவதா நான்? பெங்களூர் வரைக்கும் கம்பியைக்கூடத் தொடாமல் நின்றே போவேன். வண்டி ஆடும்போதெல்லாம் கை தானாகப் பக்கத்துச் சுவரில் போய் ஊன்றும். பழகப் பழக நான் நினைப்பதற்கு முன்னாலேயே ஊன்றிவிடும். ஒரு நாளும் நான் விழுந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

3. டிரில்

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் கே.ஜி.எஃப்.பிலேயே ஒரு கிளை திறக்கப்போவதாகச் சொன்னார். ராபர்ட்சன்பேட்டையில் ஹால் பார்த்தாகிவிட்டது, பெண்களுக்கு மட்டும், ஹெட் கோச் ஒருத்தர், அது உங்கள் இருவரில் ஒருத்தர் என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த வேலை கிடைத்தால் விடியற்காலை ரயில் இல்லை. வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போகலாம். என் பெண் பள்ளிக்கூடம் போவதை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! அந்த வேலை எனக்கு வேண்டும். புவனாவுக்குப் போகக்கூடாது. உண்மையைச் சொன்னால், இரண்டாவதுதான் முதலில் தோன்றியது.

அப்போது ஹிப் பம்ப் ஸ்வீப் நடந்துகொண்டிருந்தது. கீழே இருப்பவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, மேலே இருப்பவளின் தோளுக்கு மேல் கையைப் போட்டு, இடுப்பால் ஒரே இடி இடித்துப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். டிரில்லில் மேலே இருப்பவள் முரண்டு பிடிக்காமல் விழுந்துகொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். அப்போதுதான் கற்றுக்கொள்கிறவளுக்கு உடம்பு வளையும்.

புவனாவுக்கு நான் ஜோடி. அவள் இடித்தாள். நான் கையை ஊன்றி நின்றுகொண்டேன். மறுபடி இடித்தாள். மறுபடி ஊன்றினேன்.

மாஸ்டர் ஓடி வந்தார். "ரோஸ்லின், இது டிரில்தானே. ஸ்வல்ப, கொஞ்சம் விழும்மா."

"நெஜ சண்டைல யாரு மாஸ்டர் விழுந்து குடுப்பாங்க?"

எனக்குச் சாதகமாக யாராவது பேசுவார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். பேசியது புவனாதான். "இருக்கட்டும் மாஸ்டர். ரோஸி அப்டியே நிக்கட்டும்."

பாவம், வெட்கத்தில் சொல்கிறாள் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அதற்கப்புறம் ஒரு டிரில்லிலும் அவளுக்கு நான் விழவில்லை. இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டி நின்றேன். மற்ற பெண்களுக்கு அரைத்தூக்கத்தில் ஜோடி நிற்பேன், இவளுக்கு மட்டும் வியர்வை சொட்டச் சொட்ட உழைத்தேன். என் முறை வந்து நான் இடித்தால் அவளோ பஞ்சு மூட்டை மாதிரி விழுந்துவிடுவாள். ஹிப் பம்ப்பில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

4. ராபர்ட்சன்பேட்டை ஹால்

திறப்பு நாளன்று மாஸ்டர் எங்கள் இருவரையும் ஆளுக்கொரு வகுப்பு எடுக்கச் சொன்னார். வகுப்பு இருவருக்கும் நன்றாகவே போனது. "சரி, ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு ரோல் பண்ணுங்க" என்றார். ரோல் என்றால் விழுந்துகொடுக்காமல் நிஜமாகவே மோதுவது. சேர வந்த பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள், என் வீட்டுக்காரர், எல்லோரும் மேட் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் நான் கீழே படுத்து கார்டு போட்டேன். எழுந்து உட்கார்ந்து இடுப்பால் இடித்தேன். அவள் விழவில்லை! முழு எடையையும் முன்னால் போட்டு என் மேல் சாய்ந்தாள். அடுத்து என்ன செய்வது? அப்படிச் சாய்ந்தால் மேலே இருப்பவளின் கழுத்து சிக்கும் என்று மாஸ்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் என் கை அதை ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. தேவையே வந்ததில்லையே. அவள் என் காலைப் பிரித்துக்கொண்டு தாண்டிப் போனாள். நான் எப்படியோ திமிறி எழுந்து, முட்டித்தள்ளி, மேலே வந்தேன். இப்போது அவள் கீழே. அவள் கால்கள் என் இடுப்பைப் பின்னிக்கொண்டன.

மேலே வந்துவிட்டால் நான் ராணி. ஜேம்ஸ் இருந்த பக்கம் ஒரு பார்வைகூடப் பார்த்துக்கொண்டேன்.

அவள் எழுந்து இடித்தாள். என் கை ஊன்றியது. நான் சொல்லி அல்ல, அதுவாகவே போய் ஊன்றியது.

அவள் என்னைப் புரட்ட முயலவே இல்லை. ஊன்றிய மணிக்கட்டை ஒரு கையால் பிடித்தாள். மறு கையை என் தோளுக்கு மேல் சுற்றி விட்டு, தன் மணிக்கட்டையே பிடித்துப் பூட்டினாள். அப்படியே மல்லாந்து, இடுப்பை நகர்த்தி, என் கையை முதுகுப் பக்கம் திருகினாள். கிமுரா என்கிற தோள் பூட்டு அது. இத்தனை சுத்தமான கிமுராவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. "ஐயோ, போதும்!" என்று தோல்வியை ஒப்புக்கொண்டு தரையில் தட்டினேன்.

கைதட்டல் அடங்கியதும் மாஸ்டர் கேட்டார், "புவனா, இந்த டைமிங் எங்க கத்துகிட்டீங்க? நான் இவ்ளோ சொல்லித் தரலையே?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே என் தோளை நீவிவிட்டாள். "ரோஸிதான் மாஸ்டர் கத்து குடுத்தா. மத்தவங்கல்லாம் பாவம்னு விழுந்துடுவாங்க. இவ ஒரு நாளும் விழல. எப்பவும் அதே எடத்துல கைய ஊனுவா. ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கைய மனசுலயே புடிச்சு பார்த்துக்குவேன்."

குத்திக்காட்டினாளா என்று அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே நன்றி சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எத்தனை பேருக்கு ஜோடி நின்றிருக்கிறேன், மனதார உழைத்தது இவள் ஒருத்திக்குத்தான்!

5. இப்போது

ஹெட் கோச் புவனா. நான் அவளுக்கு அசிஸ்டென்ட். அவளே மாஸ்டரிடம் கேட்டு எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள், அதையும் ஜீரணித்துக்கொண்டேன். ரயில் இல்லை, பெண்ணுக்குத் தலை பின்னிவிட நேரம் இருக்கிறது. வயிற்றெரிச்சலும் குறையாமல் இருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். டிரில்லில் விழுந்துகொடுங்கள். பிடித்தவளுக்கு விழாவிட்டாலும் பிடிக்காதவளுக்குக் கட்டாயம் விழுந்துகொடுங்கள். அவளை எதிர்த்து நின்றால் தேறிவிடுவாள்.

போன வாரம் வகுப்பு முடிந்து மேட் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேட் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கும் புவனா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ரோஸி, கொஞ்சம் ஜோடி நில்லேன். இங்க யாரும் சரியா எதிர்க்க மாட்றாங்க. நீ பழையபடி விழாம நின்னாதான் எனக்கு எதனா வரும்."

துணியை வைத்துவிட்டு அவள் கார்டுக்குள் போய் மண்டியிட்டேன். எழுந்தாள். இடித்தாள். கை ஊன்றத் துடித்தது. அதை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, பஞ்சு மூட்டை மாதிரி விழுந்தேன்.

"இன்னா ரோஸி, நிக்கவே மாட்ற?"

"முடியல புவனா. நீ அவ்ளோ நல்லா பண்ற" என்றேன்.