ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த வட்டங்கள்

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் திரையில் ஒரு வட்டத்தை அழித்தேன். அது அங்கேயே இருந்தது. மறுபடி அழித்தேன், அப்போதுதான் போனது. ஒன்றன் அடியில் இன்னொன்று ஒளிந்திருந்திருக்கிறது.

ஜெர்மனியின் எசன் நகரில் கட்டட வரைபடம் போடும் சின்ன அலுவலகம் அது. எனக்கு ஆறாவது மாதம். ப்ரோபெட்சைட் என்னும் சோதனைக்காலம் முடிய இரண்டு வாரம் இருந்தது. அதுவரை காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். அனுப்பினால் விசாவும் ஆட்டம் கண்டுவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலை போய்விட்டது என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியாது.

முதியோர் இல்லம் ஒன்றின் தளம், நாற்பத்தெட்டு அறைகள். ஓர் அறையை ஒருமுறை வரைந்து, அச்சுபோல் திரும்பத் திரும்ப வைக்கக்கூடிய பிளாக் ஆக்கி எல்லா இடத்திலும் வைத்திருந்தோம். அறை பிளாக்குக்குள் குளியலறை பிளாக், அதற்குள் கழிவறை பிளாக், அதற்குள்தான் கான்கிரீட்டில் விடவேண்டிய குழாய்த் துளைக்கான வட்டம். அந்த வட்டங்களை மட்டும் நகலெடுத்துத் தளத்தின் படத்தில் வைக்க ஸ்கிரிப்ட் ஒன்று, சின்ன கணினி நிரல், எழுதினேன். ஒவ்வொரு பிளாக்கும் எங்கே இருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அது கணக்கிட்டது. கடைசியில் எண்ணினேன். நாற்பத்தெட்டு.

ஆனால் அறைகள் இரண்டிரண்டாக ஒரே சுவரில் முதுகு ஒட்டியவை; இரண்டுக்கும் அளவு தொடங்கும் புள்ளியும் அந்தச் சுவரில்தான். ஒன்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டினால் மற்றொன்று. அந்தப் புரட்டலை என் ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளவேயில்லை. புரட்டிய அறையின் வட்டம் பக்கத்து அறை வட்டத்தின்மேல் மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தது. எண்ணிக்கை சரி, பாதி அறைகளுக்குத் துளையே இல்லை. நான் எண்ணியபோது அறை லேயர், அதாவது அறைகள் வரைந்த அடுக்கு, திறந்திருந்ததால் பிளாக்கின் சொந்த வட்டங்கள் தெரிந்து, எல்லாம் இருப்பதுபோலவே தோன்றியது.

அந்தப் படம் திங்களன்றே கட்டுமிடத்துக்குப் போய்விட்டது. இந்தப் புதன் பதினொரு மணிக்குக் கான்கிரீட்; துளை விடாமல் கொட்டினால் பிறகு உடைக்கத்தான் வேண்டும்.

பக்கத்து மேசையில், பீலெஃபெல்ட் என்னும் ஜெர்மன் ஊரில் வளர்ந்த யாழ்ப்பாணத்து அக்கா. அந்தப் படத்தில் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் இருப்பது அவர் கையெழுத்து. "எண்ணிட்டேன்க்கா, எல்லாம் இருக்கு" என்று நான் சொன்னதை நம்பிப் போட்டது.

"என்ன தம்பி, பேயைக் கண்ட மாதிரி இருக்கிறீர். ஸ்கிரிப்ட் கோவிச்சுக்கொண்டு போட்டுதோ?"

"வட்டமெல்லாம் ரெண்டு ரெண்டா விழுந்திருக்குக்கா."

அவர் வந்து அறை லேயரைத் திறந்து, மறுபடி அணைத்தார். திரையில் பாதி வட்டங்கள் காணாமல் போயின. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஏன் இன்னும் கதிரையில இருக்கிறீர்?"

"பாஸ்கிட்ட சொன்னா என்னை அனுப்பிடுவாருக்கா. புது பிளானை மட்டும் சைட்டுக்கு மெயில் பண்ணிட்டா?"

"கொங்கிரீட் போடுற நேரத்தில மெயிலை ஆர் பாக்கிறது?" குரலைத் தாழ்த்தினார். "எண்ட கையெழுத்தும் அதில கிடக்கு. திறந்து பாக்காமப் போட்டனான். எனக்கும் பயம்தான். எழும்பும்."

பாஸின் கதவை என் விரல் தட்டிய சத்தம் எனக்கே கேட்கவில்லை. சொல்லத் தொடங்கியதும் ஜெர்மன் சொற்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. படத்தைக் காட்டித்தான் முடித்தேன். அவர் திட்டவில்லை. தொலைபேசியை என் பக்கம் தள்ளி, நீயே சொல் என்றார். கட்டுமிடத்து மேஸ்திரி எடுத்தார். முதல் லாரி வாசலில் நிற்கிறது என்றார். நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

லாரி திரும்பிப் போனது. உள்ளிருந்து வெளியே வரை ஒவ்வொரு பிளாக்கின் நகர்வு, திருப்பம், புரட்டல் மூன்றையும் வரிசை மாறாமல் சேர்க்கும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினேன். அக்கா அறை எண்களை வாசிக்க, நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். முடிந்ததும் அவர் பேனாவை எடுத்தார். பாஸ் தாளைத் தன் பக்கம் இழுத்து, 'சரிபார்த்தவர்' கட்டத்தில் தானே கையெழுத்திட்டார்.

இரண்டு வாரத்தில் என் வேலை உறுதியானது. அக்காவின் பெயர் அந்தக் கட்டத்தில் மறுபடி வர நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை, அவர் வழக்கம்போல் என்னைக் கேலி பேசிச் சிரித்த ஒவ்வொரு தடவையும், என்னால் அவருக்கு நேர்ந்ததை இப்போது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.