கொடியைத் தூக்கி எறிந்த டிரில் மாஸ்டர்

மீர்சாகிப்பேட்டை அக்பர் பாஷாவுக்கு ஆறடி உயரம், முறுக்கிய மீசை, தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சாரணர் படைக்கும் அவரே தலைவர். பாம்பைக் கண்டால் அசையமாட்டார். வானம் உறுமினால் மட்டும் போச்சு, ஆள் வெலவெலத்துப் போவார். கோழை என்று சிரிக்கிறவர்கள், தரமணிப் பக்கம் பனைமரத்தடியில் ஒதுங்கிய ஆறு ஆடுகள் ஒரே இடியில் சுருண்டதைப் பார்த்ததில்லை. பாஷா பதினாறு வயதில் பார்த்திருக்கிறார்.

1931 கோடை விடுமுறையில் இருபத்திரண்டு பையன்களோடு ஏற்காட்டு மலை ஏறினார். முன்னால் போகிறவன் கையில் யூனியன் ஜாக், வெள்ளைக்கார சர்க்கார் கொடி. எட்டடிக் கம்பம், உச்சியில் பித்தளைக் கூர். கொடி சாயக்கூடாது, தரையில் படக்கூடாது என்பது சட்டம். சட்டம் எழுதின புண்ணியவான் ஒருநாளும் மொட்டைப்பாறையில் மழைக்கு நின்றிருக்கமாட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர்கள் உச்சியைத் தொட்டபோது மேற்கே கருத்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே பாஷா எண்ணினார். முதலில் பதினைந்து, அடுத்தது எட்டு. இடி நெருங்கிக்கொண்டிருந்தது. பையன்கள், இடி இடித்தால் அர்ஜுனனைக் கூப்பிடும் வீட்டு வழக்கப்படி, "அர்ஜுனா! அர்ஜுனா!" என்று கத்திக்கொண்டு அங்கே தனியாக நின்ற ஒரு மரத்தடிக்கு ஓடினார்கள்.

"டேய், மரத்தாண்ட போவாதீங்கடா! அர்ஜுனனைக் கீழ எறங்கிக் கூப்புடுங்க!" என்று அலறினார் பாஷா.

கொடிக்காரப் பையன் மட்டும் விறைத்து நின்றான். சட்டமாச்சே! பாஷா கம்பத்தைப் பிடுங்கித் தூர எறிந்தார். சாம்ராஜ்யம் உருண்டு போய்ச் சேற்றில் குப்புற விழுந்தது. பையன்களைப் பாறையைவிட்டுச் சரிவில் இறக்கி, ஒருத்தனுக்கொருத்தன் நன்றாகத் தள்ளி, பாதங்களைச் சேர்த்துக் காதைப் பொத்திக் குந்தவைத்தார். ஒருத்தனையும் படுக்கவிடவில்லை. அவரும் குந்தினார், பல் கிடுகிடுக்க.

இடி விழுந்ததா என்றால், விழுந்தது. எங்கோ அடுத்த மலையில்! அந்த மரம் ஒரு இலைகூட உதிராமல் நின்றது. அதுதான் வினையாகப் போயிற்று. மரம் பற்றி எரிந்திருந்தால் பாஷாவுக்கு மெடல் குத்தியிருப்பார்கள்.

மயிலாப்பூரில் சேதி மாட வீதியைச் சுற்றி வருவதற்குள் கொடியை எறிந்தது, கொடியை மிதித்ததாகிவிட்டது. காங்கிரஸ் வக்கீல் ஸ்ரீரங்கன் ரோஜா மாலையோடு ஓடிவந்தார். தலைமையாசிரியர் சுப்பராமனுக்கோ மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது.

"ஓய் பாஷா, காத்தடிச்சு விழுந்துடுத்துன்னு எழுதிக் கொடும். உம்ம வேலையும் தப்பும், என் வேலையும் தப்பும்" என்றார் சுப்பராமன்.

"தேசத்துக்காக எறிஞ்சேன்னு எழுதும். நாளைக்கே கடற்கரையிலே கூட்டம் போட்டு உம்மைத் தோள்ல தூக்கிண்டு போறோம்" என்றார் வக்கீல்.

பாஷாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. போட்ட மாலையைக் கழற்றாமல் மீர்சாகிப்பேட்டைவரை நடந்தே வந்த மனிதர். ஆனால் சோற்றின் முன்னால் உட்கார்ந்தவருக்குக் கை ஓடவில்லை.

"காத்துன்னு எழுதுனா அடுத்த வருசமும் ஒரு புள்ள அந்தக் கம்பத்தைப் புடிச்சிக்கினு நிப்பான். தேசம்னு எழுதுனா வேற கொடியப் புடிச்சிக்கினு நிப்பான். இன்னா செய்யறது?" என்றார் மனைவி ஜைதூன் பீயிடம்.

"பயந்துட்டேன்னு எழுதுங்க. நெசந்தானே?"

"ஊரு சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்குப் புள்ளைங்க உசுரோட கீதுங்கல்ல?"

மறுநாள் எழுதிக் கொடுத்தார்: "கொடியை எறிந்தது காற்றல்ல, நான். தேசத்துக்காகவும் அல்ல, பயத்தால். இடி இடித்தால் இனியும் எறிவேன். பையன்களையும் எறியச் சொல்வேன்."

ஊர் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பு! வக்கீல் கண்டும் காணாமல் போனார். டிரில் வேலை தப்பியது, சாரணர் பதவி போயிற்று. சாரணர் தொப்பியைப் பாஷா கழற்றிக் கொடுத்தார். மேகம் திரண்டால் ஜட்கா வண்டிக்காரன்கூட, "மாஸ்டர், இருட்டிக்கினு வருது, ஓடு நைனா!" என்று கத்தினான். மனிதருக்கு மானம் போனதில் நெஞ்சு எரிந்தது. செய்தது சரிதானா என்ற சந்தேகமும் வந்துவிட்டது.

அடுத்த கோடையில் புதுத் தலைவர், இங்கிலீஷில் வெளுத்துக்கட்டும் ஒரு பி.ஏ., அதே பையன்களை அதே மலைக்குக் கூட்டிப்போனார். சேலம் பக்கம் பேய்மழை என்று கேள்விப்பட்டதிலிருந்து பாஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் திரும்பும் நாளில் காலையிலிருந்தே பள்ளிக்கூடத் தெருமுனையில் நின்றார்.

சேறும் சகதியுமாகப் பையன்கள் வந்தார்கள். தலைவரைக் காணோம், அவர் நேரே தலைமையாசிரியரிடம் புகார் கொடுக்கப் போய்விட்டாராம். முன்னால் வந்தவன் விறைப்பாகச் சலாம் வைத்தான்.

"புது சார் கொடியோட நிக்கச் சொன்னார் சார். நாங்க கேக்கலை. தூக்கிப் போட்டுட்டுக் கீழே ஓடிட்டோம். மரத்தடிக்குப் போகலை. தள்ளித் தள்ளி உக்காந்துண்டோம்." மூச்சு வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "எல்லாரும் பயந்துட்டோம் சார்!"

பாஷா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இருபத்திரண்டும் இருந்தது.

"நல்லா பயந்தீங்கடா, என் கண்ணுங்களா!" என்று நடுத்தெருவில், வெட்கமில்லாமல், ஓவென்று அழுதார்.