கூட்டத்தில் தூக்கிய கை

கண்ணுகளா, அக்கா ஏன் அப்பாவிடம் தானாக எதுவும் பேசாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள் என்று போன தீபாவளிக்கு அவள் வந்துபோனதும் கேட்டீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இதெல்லாம் நடந்தபோது நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள்.

நான் வேலை பார்த்த நூல் மில்லே போத்தனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடமும் நடத்தியது. அங்கே பாடம் எடுக்காத டீச்சர் ஒருவர் இருந்தார். வீட்டில் சண்டையோ, படிப்பில் பயமோ, அடுத்து என்ன படிப்பது என்ற குழப்பமோ, எதுவானாலும் பிள்ளைகள் அவரிடம் போய்ப் பேசலாம். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. அப்படியொரு வேலை எதற்கென்றே எங்களுக்குப் புரியவில்லை.

"பேசறதுக்குமா ஒரு டீச்சரு? எங்கூட்டுக்காரிய அனுப்புனா ரெண்டு ஷிப்டும் சேத்துப் பேசுவாளே!" என்பார் என் பக்கத்து மெஷின்காரர். நானும் சிரித்திருக்கிறேன்.

அக்கா பத்தாவது படிக்கும்போது பெற்றோர் கூட்டம் போட்டார்கள். அந்த டீச்சரை நிறுத்திவிட்டு அறையில் கம்ப்யூட்டர் வைக்கலாமா என்று மானேஜர் கேட்டார். மில் பள்ளிக் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன் வரிசையில் எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி கை தூக்கினால் பின்னால் இருப்பவர்களும் தூக்குவோம். மேஸ்திரி தூக்கினார். நானும் தூக்கினேன். டீத் தட்டோடு கதவோரம் நின்றிருந்த அக்கா என்னையே பார்த்தாள். கூட்டத்துக்கு டீ கொடுக்கிற பெருமையில் பார்க்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாளே அந்த டீச்சரை அனுப்பிவிட்டார்கள்.

பத்தாவதில் நல்ல மார்க். "ஏனுங்க, இந்த மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப்தானுங்க" என்றார்கள் மில் லைன் வீடுகளில் இருந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். கணக்கும் அறிவியலும் சேர்ந்த பிரிவு அது, அதற்குத்தான் மரியாதை. அட்மிஷன் அன்று நானே அதைச் சொன்னேன்.

"அம்மணிக்குச் சம்மதமா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"சரிங்க சார்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

பன்னிரண்டாவதில் கணக்கிலும் இயற்பியலிலும் பெயில். மறுநாள் காலையில் திட்டினேன்.

"புரியலைன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்கப்பா. அந்த டீச்சர்கிட்டச் சொன்னேன். எனக்குக் கணக்கு வராது, மனப்பாடம் பண்ணித்தான் மார்க் வாங்கறேன், நர்சிங் குரூப்புல சேரோணும், அப்பாகிட்டச் சொல்லப் பயமா இருக்குதுன்னு சொன்னேன். ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்கு வாரேன், நானே பேசறேன்னாங்க. அதுக்குள்ள நீங்க கை தூக்கிப்போட்டீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். அரிசி வாங்கி வந்த கணக்கைச் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் ஒருத்தன் தூக்கலைன்னா அந்த டீச்சரு வேலையில இருந்திருப்பாங்களா?"

"இருந்திருக்க மாட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

மறுபரீட்சை எழுத மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் மில்லிலேயே நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தாள், பிறகு கல்யாணம். அந்த மாடிப்படி அறைக்குப் போய்க்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அவள் முதல் நாள் ஷிப்டுக்குப் போன மதியம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அவளுடைய கணக்குப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். நான் எட்டாவதோடு நின்றவன். முதல் கணக்கை ஒரு தாளில் பார்த்து எழுதினேன். ஒரு வரியும் புரியவில்லை. அடுத்த கணக்கையும் எழுதினேன். அந்தப் பக்கம் முடியும்வரை எழுதினேன்.