மாலைச் செபத்தில் விட்ட பிழை

பெரியம்மா உயிரோடிருந்த தன் மகனை இறந்தவர்களோடு சேர்த்துச் செபித்த அந்த மாலையை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் இதைக்கூட ஒரு சாதனையாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். குருநகரில் எங்கள் வீட்டில் ஏழு மணிக்குச் செபமாலை தொடங்கும். அது முடிந்ததும் அம்மாவின் தமக்கையான பெரியம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். ஒரு பெயருக்கு ஒரு அருள்நிறைந்த மரியே; முதல் பாதியை அவர் சொல்ல, "பரிசுத்த மரியே" என்று தொடங்கும் மறுமொழியை நாங்கள் சொல்லுவோம். முதலில் கடலில் நிற்பவர்கள், பிறகு வெளிநாட்டில் இருப்பவர்கள், பிறகு நோயாளிகள், கடைசியாக இறந்தவர்கள். இந்த வரிசை எங்கள் வீட்டுச் சட்டம். எங்களுக்கு முழங்கால் நோகும், அடுப்பில் குழம்பு மணக்கும். பெரியம்மா மட்டும் அவசரப்படமாட்டார்.

அன்று இறந்தவர்களின் முறை வந்தபோது, "ஜேர்மனியிலை மரிச்ச என்ரை மூத்தவன்ரை ஆத்துமத்துக்காக" என்றார். மூத்த அண்ணையிடமிருந்து அந்தக் கிழமைதான் கடிதம் வந்திருந்தது; குளிரைத் திட்டி நாலு பக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. சிரித்துவிட்டேன். என் தங்கச்சியும் சிரித்தாள். அம்மா பதறிப்போய், "என்னக்கா கதைக்கிறியள், பிள்ளை நல்லாத்தானே இருக்கிறான்" என்றார். பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அதன்பிறகு இரண்டு நாள் செபத்துக்கே வரவில்லை.

மூன்றாம் நாள் அப்பா எங்களைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டார். "இனி ஒருத்தரும் திருத்தக்கூடாது. அவ ஆரைச் சொன்னாலும் மறுமொழியைச் சொல்லுங்கோ. ஆர் இருக்கினம், ஆர் செத்தவை எண்டு கடவுளுக்குத் தெரியும்." பிறகு தானே போய்ப் பெரியம்மாவைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். அன்று முதல் பெரியம்மா, எப்போதோ கடலில் இறந்துபோன பெரியப்பா பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று செபிப்பார்; நாங்கள் நாலு பேரும் ஒரே குரலில் "பரிசுத்த மரியே" என்போம். நாலு வருடம் இப்படியே போனது. எனக்கு அது பிடிக்கவேயில்லை. எதையும் முகத்துக்கு நேரே சொல்லுகிற ஆள் நான். ஒரு வீடே சேர்ந்து முழங்காலில் நின்று பொய் சொல்லுகிறதே என்று எரிச்சல் வரும்.

இப்போது எனக்கு ஐம்பத்தொன்பது. பாரிஸில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் வேலை. என் கணவர் மாரடைப்பில் போய் ஏழு வருடம், பிள்ளைகள் இல்லை. இந்த மாரிக்குளிர் தொடங்கியபோது ஒருநாள் வேலை முடிந்து வந்து, நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் நின்றேன். கதவைத் திறக்க நாலு இலக்கம் அழுத்த வேண்டும். பதினெட்டு வருடமாக அழுத்துகிற இலக்கம் நினைவுக்கு வரவில்லை. யாரோ உள்ளேயிருந்து வெளியே வரும்வரை, கைப்பைக்குள் எதையோ தேடுகிறவள் போல நடித்துக்கொண்டு நின்றேன். வைத்தியசாலையில் மணிக்கூடு வரையச் சொன்னார்கள். பிரெஞ்சில் ஐந்து சொல் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டார்கள். மூன்றுதான் வந்தது. மற்ற இரண்டும் எனக்கு மறந்ததா, முதலிலேயே தெரியாதா என்று அந்த டொக்டர் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

ஆறு மாதம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தனியாகச் செபம் சொல்லுகிறவள் பிழை விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? இந்த எண்ணம் வந்த நாள் முதல் எனக்கு நித்திரை இல்லை. குருநகர் வீட்டில் இப்போது தங்கச்சிதான் இருக்கிறாள். அங்கே மாலை ஏழு மணி, இங்கே பின்னேரம் இரண்டரை. என் வேலையும் முடிந்துவிடும். தினமும் வீட்டுக்கு நடந்துகொண்டே அவளுக்குப் போன் எடுத்தேன். "பேருகளை நான் சொல்லுறன், நீ மறுமொழி சொல்லு. பிழை விட்டா உடனை சொல்லிப்போடு, பாவம் பாக்காதை" என்றேன். "ஓமக்கா, சொல்லுறன்" என்றாள். தாளில் எழுதிவைத்துப் படித்திருக்கலாம். அது சோதினையில் பார்த்தெழுதுவது போலாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் அவள் ஒரு பிழையும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் சாப்பாடு இறங்கத் தொடங்கியது.

போன வியாழக்கிழமை செபம் முடிந்தும் அவள் போனை வைக்கவில்லை.

"அக்கா, நீங்கள் இஞ்சை வந்திடுங்கோவன்."

இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. நான் நடையை நிறுத்தினேன்.

"ஏன்டி, நான் ஏதும் பிழை விட்டனானோ?"

அவள் குரலைத் தணித்துச் சொன்னாள்.

"அத்தானை வெளிநாட்டிலை இருக்கிற ஆக்களோடை சேத்துச் சொல்லுறியள் அக்கா. அவர் சுகமா வேலைக்குப் போய்வர வேணுமெண்டு. பத்து நாளா."

பத்து நாள். அப்படிச் சொன்னதாக எனக்கு ஒரு நாள்கூட நினைவில்லை. "சொல்லச் சொன்னனான் எல்லே! ஏன்டி நீ ஒண்டும் சொல்லேல்லை?" என்று தெருவில் நின்று கத்தினேன்.

"மறுமொழி சொன்னனான் அக்கா" என்றாள்.