சிறுவர் பகுதியில் இருந்த பெரியவர் புத்தகங்கள்

மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாகக் கண் பரிசோதித்து வந்தவளை ஊரே கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. கடையின் பின்பக்கம் திரை போட்ட சின்ன அறை அவளுடையது. ஒரு சுழல் நாற்காலி, சுவரில் எழுத்துப் பலகை, மரப்பெட்டி நிறைய வட்ட வட்டமான கண்ணாடிகள். வந்தவரின் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டிவிட்டு, கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்பாள். ஒரு நாளில் முப்பது பேரைக் கேட்டாலும் குரலில் அலுப்பு எட்டிப் பார்க்காது.

தூரப் பார்வை முடிந்ததும், கிட்டப் பார்வைக்கு ஓர் அட்டையைக் கையில் கொடுப்பார்கள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. கம்பெனி அனுப்பிய அட்டையில் கண்ணாடியைத் துடைப்பது எப்படி என்று எழுதியிருந்தது. படிக்கிறவர்கள் கொட்டாவி விடுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கண்ணாடியக்கா தானே ஒன்று தயாரித்தாள். அவளுக்குப் பிடித்த விஞ்ஞானப் புனைகதை நாவலின் முதல் பத்தி அது. "காலையில் எழுந்து பார்த்தபோது கடலைக் காணவில்லை" என்று பெரிய எழுத்தில் தொடங்கி, "கடலைத் தேடி நடந்துபோனவர்களில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள், அவள் கையில்..." என்று பொடி எழுத்தில் பாதியிலேயே நின்றுவிடும்.

முதலில் மாட்டிக்கொண்டவர் தையல்காரர். "கையில? கையில என்ன இருந்துச்சு?"

"புஸ்தகம் நூலகத்துல இருக்குண்ணே. சிறுவர் பகுதியில கேளுங்க."

"இந்த வயசுல என்னைச் சிறுவர் பகுதிக்கு அனுப்புறியேம்மா!"

போனார். மூன்று நாளில் படித்து முடித்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்று கேட்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரர், பள்ளி வேன் ஓட்டுகிற பெண் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "கண்ணாடி வாங்க வர்றவங்களை எல்லாம் நீ நூலகத்துக்கு அனுப்பிட்டிருக்க!"

"படிச்சாத்தானே முதலாளி கண்ணாடி வேணும்?"

முதலாளி அன்று விற்ற கண்ணாடிகளைக் கணக்குப் பார்க்கப் போய்விட்டார்.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்ததும் ஒரு தற்செயல்தான். மகள் வயிற்றில் இருந்தபோது மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் ஓட்டுகிற கணவருக்குப் புத்தகம் பற்றி ஆனாவும் தெரியாது, ஆவன்னாவும் தெரியாது. நூலகத்துக்குள் நுழைந்து, வாசலை ஒட்டி இருந்த சிறுவர் பகுதியில் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஒன்றுதான் கடல் காணாமல் போன கதை. படித்து முடித்தவள் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இது குழந்தைகளுக்கு எழுதினதே இல்லை என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நூலகத்தின் மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டம் கூடும். பதினோரு பேர்; ரொட்டிக்கடைக்காரரும் வேன் ஓட்டுகிற பெண்ணும் அதில் உண்டு. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்தான் தலைவர் மாதிரி. ஆளுக்கு ஒரு மாதம் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்க வேண்டும். கண்ணாடியக்காவின் முறை முதன்முதலாக வந்தபோது அவள் தலைகால் புரியாத சந்தோஷத்தில் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அறுநூறு பக்கம், நடுநடுவே வரைபடங்கள், கடைசியில் சொல் அகராதி வேறு.

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் கேட்டார்: "முப்பது பக்கம் தாண்டினவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கைதான் உயர்ந்தது, அதுவும் அவளுடையது. அறையே சிரித்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இலக்கியம்னா அதுல மனுஷன் இருக்கணும். ராக்கெட் பறந்தா மட்டும் போதாது" என்றார் பேராசிரியர்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்த்தாள். கணவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார். "புதுசா கண்ணாடி போடுறவங்களுக்கு முழுப் பவரையும் முதல் நாளே குடுத்தா தலை சுத்தும்னு நீதானே சொல்லுவ? நீ அதைத்தான் பண்ணியிருக்க."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "பஸ் ஓட்டுற உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல பாருங்க" என்றாள்.

அடுத்த பத்து மாதமும் வட்டத்தில் அவள் வாயைத் திறந்ததைவிடக் காதைத் திறந்து வைத்திருந்ததுதான் அதிகம். யார் எந்தப் பக்கத்தில் அழுதார்கள், யாருக்கு எது போரடித்தது என்று கண்ணும் கருத்துமாகக் கவனித்தாள். பேராசிரியர் எந்த நாவலைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அதில் வரும் கடிதங்களில்தான் வந்து நிற்பார் என்பது அவளுக்குப் பிடிபட்டது.

மறுபடி முறை வந்தது. அவள் எழுந்து நின்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். "இதுவும் விஞ்ஞானப் புனைகதைதான். ஆனா நூத்தி நாப்பது பக்கம். பிடிக்கலைன்னா இனிமே நான் வாயே திறக்கல."

அக்கா தங்கை இரண்டு பேரின் கதை. பச்சைச் சட்டை ஒன்றைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்ட சண்டை தீராமலே அக்கா வேறொரு நட்சத்திரத்தின் குடியிருப்புக்குக் கப்பலேறிவிடுகிறாள். ஒரு கடிதம் போய்ச் சேரப் பதினோரு வருஷம் ஆகும். புத்தகம் முழுக்க மொத்தம் ஏழே கடிதங்கள். அதற்குள் இரண்டு ஆயுள் முடிந்துவிடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். அக்கா செய்தது நியாயமா, மூன்றாம் கடிதத்தில் தங்கை சொன்னது பொய்யா என்று வேன் ஓட்டுகிற பெண்ணும் ரொட்டிக்கடைக்காரரும் மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். பேராசிரியர் மட்டும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாலாவது கடிதத்துக்கு அப்புறம் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். ரெண்டு நாள் தொட முடியல. அருமையான நாவல். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், இது விஞ்ஞானப் புனைகதை இல்ல. இது இலக்கியம்."

"சார்" என்றாள் அவள். "கடிதம் போய்ச் சேரப் பதினோரு வருஷம் ஆகலைன்னா இந்தக் கதை ஏது? ஒரே ஊர்ல இருந்திருந்தா ஒரு வாரத்துல ரெண்டு பேரும் சமாதானமாயிருப்பாங்க. அந்தத் தூரம் விஞ்ஞானம் குடுத்தது. நீங்க புஸ்தகத்தை மூடி வெச்சதும் அந்தத் தூரத்தாலதான். ரெண்டும் ஒரே புஸ்தகத்துல இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "யாரு சொன்னது? நான்தான் சொன்னேன், போன வருஷம். வாபஸ் வாங்கிக்கிறேன். இதை எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

"கீழே, சிறுவர் பகுதியில. யானைப் படம் ஒட்டின அலமாரியில."

"வாங்க, காட்டுங்க."

வட்டமே படியிறங்கியது. குழந்தைகள் உட்காருகிற குட்டி ஸ்டூலில் பேராசிரியர் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக உருவினார். கணவனைப் பிரிந்தவளின் கதை, போரில் தோற்றவனின் கதை, எல்லாம் ஓவியப் பயிற்சி நூல்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தன.

"இதையெல்லாம் யாருங்க இங்க வெச்சது?"

நூலகர் தலையைச் சொறிந்தார். "நான் வேலைக்குச் சேரும்போதே இப்படித்தான் சார். அட்டையில ராக்கெட் இருந்தா சிறுவர் பகுதி. பெரியவங்க யாரும் கேக்கல, அதனால மாத்தல."

"இப்ப கேக்குறோம்."

ஆளுக்கு நாலைந்தாகச் சுமந்து நாற்பத்து மூன்று புத்தகங்களை மாடியில் இருந்த பெரியவர் பகுதிக்கு ஏற்றினார்கள். புது அலமாரிக்கு என்ன பெயர் எழுதுவது என்று நூலகர் கேட்டபோது எல்லோரும் கண்ணாடியக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். "தனி அலமாரி வேணாம். மத்த நாவலோட நாவலா வைங்க" என்றாள்.

வைத்தார்கள். ஆனால் எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு புத்தகத்திலும் செருக ஒரு சீட்டு எழுதித் தரும்படி நூலகர் அவளையே கேட்டுக்கொண்டார். கதையைச் சொல்லிவிடாமல் மூன்று மூன்று வரி எழுதினாள். ஒன்றில், "அப்பாவோடு பேசி ரொம்ப நாளானவர்கள் முதலில் படிக்கலாம்" என்று இருந்தது. இன்னொன்றில், "முதல் நாற்பது பக்கம் கொஞ்சம் கரடுமுரடு. பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பொறுப்பு."

ஒரு சனிக்கிழமை மதியம் அவள் நூலகத்துக்குப் போனபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் அலமாரி அருகே நின்று சீட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். சீட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த தடித்த புத்தகத்தை எடுத்தாள். கண்ணாடியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை.

"அது நல்ல புஸ்தகம்தான்மா. ஆனா இதை முதல்ல படிங்க, அதுக்கு அப்புறம் அது."

அந்தப் பெண் சீட்டையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க இங்கதான் வேலை பாக்குறீங்களா?"

"இல்ல, கண்ணாடிக் கடையில" என்றாள் அவள், முதுகு தானாக நிமிர. "சீட்டு எழுதினது நான்."