என் ஜன்னலுக்கு வந்த அரசு வக்கீல்

பூக்காரச் செல்லம்மா கொலை வழக்கில் நான் பயந்துபோய்ச் சாட்சியத்தை மாற்றவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அரசு வக்கீலாக இருந்த தணிகாசலம் இறந்த செய்தியை அவருடைய குமாஸ்தா நடேசன்தான் காலையில் ஃபோனில் சொன்னார். உறையூரில் அவர் வீட்டுக்குப் போய் மாலை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "இந்தம்மாதான். கோர்ட்ல பல்டி அடிச்சது. அந்தக் கேஸோடதான் சாருக்குப் பதவியும் போச்சு." எனக்குக் காது நன்றாகக் கேட்கும். சாவு வீட்டில் பதில் பேசுவது முறையல்ல, எழுந்து வந்துவிட்டேன். நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அவருடைய ஜூனியர்கள் கேட்டதால் இங்கே சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் என் வீடு மாடியில் இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, தெருவிளக்கு எரிவதற்குச் சற்று முன்னால், எதிர்ச் சாரியில் செல்லம்மா கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் வந்து அவள் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். படிக்கல்லில் விழுந்தவள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். போலீஸ் கேட்டபோது, முகத்தை நன்றாகப் பார்த்தேன் என்றேன். பிடித்துவந்தவனைக் காட்டியபோது, இவன்தான் என்றேன். எழுபது வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன் என்ற பெருமை எனக்கு. கேள்வி கேட்டால் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும் என்று கான்வென்டில் பழக்கியிருந்தார்கள்.

சாட்சிகளை ஆபீசுக்கு அழைத்து, போலீஸ் எழுதியதைப் படித்துக்காட்டி அனுப்புவதே வழக்கமாம். தணிகாசலம் அப்படிச் செய்யவில்லை. விசாரணைக்கு முந்தைய வாரம், அதே மாலை நேரத்தில், நடேசனோடு என் வீட்டுக்கு வந்தார். "போலீஸ் பேப்பர்ல எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தாம்மா தெரியும்" என்றார். அவருடைய கறுப்புக் கோட்டில் ஒரு பொத்தான் நூலில் தொங்கியது. தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "விடுங்கம்மா. ஆறு மாசமா தொங்குது, விழல. பிறழாத சாட்சி அது" என்றார்.

இருவருக்கும் காப்பி கொடுத்தேன். நடேசன், கீழே போகிறேன் என்று சொல்லிப் படியிறங்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் தணிகாசலம் என்னை ஜன்னலுக்கு அழைத்தார். எதிரே கடை நிழலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"அதுல நம்ம நடேசன் யாரும்மா?"

"நடுவில் நிற்பவர்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நடேசா, காப்பி ஆறிடும், குடி" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் டம்ளரும் கையுமாக நடேசன் நின்றிருந்தார். "மன்னிச்சுக்குங்கம்மா. பாதிப் படியிலேருந்து திரும்பிட்டேன். சார் சொன்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. என்னையா சோதிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் சோதிக்கலன்னா எதிர் வக்கீல் சோதிப்பாரும்மா. அது பரவால்ல. அவரும் சோதிக்காம விட்டுட்டா? அதுக்குத்தான் நான் பயப்படறேன்."

"கோர்ட்டில் நான் என்னதான் சொல்லவேண்டும்?"

"அத நான் சொல்லக் கூடாது. எவ்வளவு பாத்தீங்களோ, அவ்வளவு." படியிறங்கும்போது, "இந்த வயசுல கிட்டத்துல கண்ணாடி இல்லாமப் படிக்கிறவங்களுக்குத் தூரம் மங்கலாத் தெரியும்மா. டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிடுங்க" என்றார்.

கூண்டில் நின்று சட்டையின் நிறத்தையும் அவன் ஓடிய திசையையும் சொன்னேன். முகம் தெரியவில்லை, முன்பு சொன்னது என் தவறு என்றும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் குனிந்து தணிகாசலத்தின் காதில் ஏதோ சொன்னார். இப்படி ஒரு சாட்சி மாற்றிச் சொன்னால், அரசு வக்கீலே எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாகக் கருத வேண்டும் என்று கேட்டுக் குறுக்கு விசாரணை செய்வது வழக்கம். அவர் எழவில்லை. தீர்ப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் கிடையாது.

அந்த ஆள் விடுதலையானான். பதவிக்காலம் முடிந்ததும் தணிகாசலத்தை மறுபடி நியமிக்கவில்லை. அதற்கு நான்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை சத்திரம் பஸ் ஸ்டாண்டில், லால்குடி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட வேண்டும் என்று பக்கத்தில் போனேன். "கண்ணாடி நல்லாருக்கும்மா" என்றார். பஸ் வந்துவிட்டது. நான் கேட்கவில்லை.

செல்லம்மாவின் மகள் தனம் அதே இடத்தில் பூ விற்கிறாள். தீர்ப்பு வந்த வாரம், "யாருக்குப் பயந்தீங்க மாமி?" என்று கேட்டாள். தெருவில் நின்று விளக்கம் சொல்வது எனக்கு வழக்கமில்லை, மாடியேறிவிட்டேன். அன்றிலிருந்து அவள் எனக்குச் சாமிக்குப் பூ தருவதில்லை. கூடை நிறைய இருக்கும்போதே, "எல்லாம் ஆர்டர் பூ மாமி" என்பாள்.

அவர் சொல்லி டாக்டரிடம் காட்டி வாங்கிய இந்தக் கண்ணாடிதான் அவர் எனக்கு விட்டுப்போனது. சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் நிற்கிறேன். போகிற முகம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது. அன்றைய முகம் மட்டும் எத்தனை முறை நினைத்தாலும் வரவில்லை. விடுதலையானவனே செய்திருக்கலாம், நான் தப்பவிட்டிருக்கலாம்.

வழக்கு முடிந்ததும், தணிகாசலம் ஒவ்வொரு சாட்சியைப் பற்றியும் நீள நோட்டில் இரண்டு வரி எழுதிவைப்பார் என்று நடேசன் சொன்னார். அந்த நோட்டுகள் ஜூனியர்களான உங்களிடம்தான் இருக்கின்றன. நான் பயந்துவிட்டேன் என்று அவரும் எழுதியிருந்தால் என்ன செய்வது என்று யோசித்துத்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன். எதுவாக இருந்தாலும் சரி. செல்லம்மா வழக்கின் பக்கத்தை எடுத்து, அவர் எழுதியிருப்பதை அப்படியே எழுதி, கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள். ஃபோனில் சொல்ல வேண்டாம். தனத்தின் கையில் கொடுக்க எனக்கு ஒரு தாள் வேண்டும்.